சுவரோரப் பாத்தி

செடிப் பண்ணையில் அவளை எல்லாரும் கணுக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் "கணுவுக்குக் கீழ வெட்டு, கணுவுக்குக் கீழ வெட்டு" என்று நாளைக்கு நூறு தடவை சொல்லுவாள். அதைக் கேட்டுச் சலித்த யாரோ ஒருத்தி கேலியாக வைத்த பெயர் அது. இருபது வருஷத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

பெயருக்கு ஏற்ற கை. முற்றாமலும் இளசாக இல்லாமலும் நடுத்தரமான ஒரு கிளையைப் பார்த்த மாத்திரத்தில் கத்தரிக்கோல் தானாகப் போய் நிற்கும். கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு. அடி இலைகளை உருவிவிட்டு, நுனியில் இரண்டை மட்டும் விட்டு, அதையும் பாதியாகக் கத்தரித்து, வெட்டுவாயை வேர்ப்பொடியில் தொட்டு, மணலும் நார்த்தூளும் கலந்த கறுப்புத் தொட்டியில் இரண்டு கணு உள்ளே போகும்படி ஊன்றி, கட்டைவிரலால் ஓர் அழுத்து. அவள் ஊன்றிய நூறு குச்சியில் தொண்ணூறு வேர் விடும். மற்றவர்களுக்கு அறுபது வந்தாலே பெரிய விஷயம்.

வீட்டுக் கதை அவ்வளவு வாகாக அமையவில்லை. பதினேழு வயதில் அம்மாவைப் பறிகொடுத்தாள். ஒன்பது வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொள்ளாத குறையாக வளர்த்தாள். கல்யாணம் ஆயிற்று, கட்டியவர் வேலை தேடி வெளியூர் போகிறேன் என்றார், போனவர் போனவர்தான். அதைப் பற்றி யாராவது துக்கம் விசாரித்தால், "அவருக்கு வழி மறந்திருக்கும்" என்று சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். தம்பியைப் பற்றிக் கேட்டால்தான் சிரிப்பு வராது.

தம்பி லாரிப் பட்டறையில் நல்ல மெக்கானிக்காக இருந்தவன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். குடி அவனைப் பட்டறையிலிருந்து துரத்தியது. பிறகு அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள். கடைசியில் ஒரு மழைநாளில் சாக்கடையோரம் கிடந்தவனைக் கணுக்காவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆட்டோவில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாற்பது நாள் இருந்தான். வெளியே வந்ததும் கணுக்கா முதலாளியம்மாவின் முன்னால் போய் நின்றாள். இவ்வளவு வருஷத்தில் தனக்கென்று அவள் எதையும் கேட்டதில்லை. தம்பிக்கு ஒரு வேலை போடுங்கள், அவனுக்கு நான் பொறுப்பு என்றாள். முதலாளியம்மா, உன் முகத்துக்காக என்று ஒத்துக்கொண்டார்.

வந்த முதல் வாரத்திலேயே தம்பி, வேர் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தான். கணுக்கா அவன் கையில் ஒன்று போட்டாள். இழுத்துப் பார்த்தால் விடுகிற வேரும் அறுந்துபோகும் என்றாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த தம்பியின் அருகில் வழக்கம்போல வந்து நின்று, தெரியாத மாதிரி மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவன் கண்டுகொண்டான்.

"குச்சிய மட்டும் இழுத்துப் பாக்கக்கூடாதாக்கா?" என்றான். கணுக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவன் சிரித்துவிட்டுக் கைகால் கழுவப் போனான். ஆனாலும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஒன்பது மாதம் நன்றாகவே போயிற்று. தண்ணீர் தெளிப்பதும் களை அழிப்பதும் அவன் பொறுப்பு. தோளில் மாட்டித் தெளிக்கிற டேங்க் இரண்டு இருந்தன. நீல டேங்கில் குச்சிகளுக்கான வெறும் தண்ணீர். சிவப்பு டேங்கில் நடைபாதைக் களைக்கு அடிக்கிற மருந்து. இரண்டையும் ஒரே ஆணியில்கூட மாட்டமாட்டான். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவான். மற்ற நாட்களில் பொழுது விடியும்போது அவன் பண்ணையில் இருப்பான்.

அந்தப் பருவத்தில் ஒரு பெரிய கட்டடத்தைச் சுற்றி வேலிச்செடி வைப்பதற்காக இரண்டாயிரம் தொட்டி ஊன்றியிருந்தார்கள். திறந்த வெளியில், பச்சை நிழல்வலைக்குக் கீழே, மதில்சுவர் ஓரத்திலிருந்து குழாயடி வரைக்கும் ஐந்து பாத்தியாகத் தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். தாய்ச்செடிகளில் வெட்டக்கூடிய கிளை எல்லாவற்றையும் வெட்டியாயிற்று. இது போனால் அடுத்த வருஷம்தான் என்கிற நிலைமை.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் கணுக்கா நிழல்வலைக்குள் குனிந்து நுழைந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். புதிதாக வந்த தளிர்கள் சுருண்டிருந்தன. வாடல் இல்லை, அழுகல் இல்லை. ஈரத்துணியைப் பிழிந்து வைத்த மாதிரி ஒவ்வொரு தளிரும் முறுக்கிக்கொண்டிருந்தது. தண்டு பாம்புபோல வளைந்திருந்தது. அவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. தெரிந்ததை மனம் ஏற்க மறுத்ததால் ஒவ்வொரு தொட்டியாக நகர்ந்து நகர்ந்து பார்த்துக்கொண்டே போனாள். பின்னால் வந்து நின்ற முதலாளியம்மா இரண்டே வார்த்தையில் சொன்னார்: "களை மருந்து."

எல்லாரையும் கொட்டகைக்கு வரச் சொன்னார். பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். டேங்க் யார் கையில் இருக்கிறது என்று அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அத்தனை கண்ணும் தம்பியின் மேல் திரும்பியது. அவன் நிதானமாகத்தான் பதில் சொன்னான். நீல டேங்கில் தான் ஒரு நாளும் மருந்தை ஊற்றியதில்லை என்றான். முதலாளியம்மா வாயைத் திறப்பதற்குள் கணுக்கா முந்திக்கொண்டாள். அவனுக்காக வாக்குக் கொடுத்தது தான் என்கிற பயம், இரண்டாயிரம் குச்சி என்கிற வயிற்றெரிச்சல், ஒன்பது மாதமாக ஒவ்வொரு சாயங்காலமும் உள்ளே கிடந்து அரித்த சந்தேகம், எல்லாம் சேர்ந்து ஒரே கேள்வியாக வெளியே வந்துவிட்டது.

"உண்மையச் சொல்லுடா. குடிச்சிருந்தியா?"

அவன் அக்காவைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கணக்கு ஒன்று புரியாத பிள்ளை மாதிரிப் பார்த்தான்.

"இல்லக்கா," என்றான். பிறகு, "இல்லன்னுதான் நினைக்கிறேன்" என்றான்.

அந்த இரண்டாவது வாக்கியம் அவனுக்கு எதிராகப் போயிற்று. யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவன் இடுப்பிலிருந்த கொட்டகைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான், சத்தம் வராமல் வைத்தான், வெளியே நடந்தான். போகட்டும், சாயங்காலம் வீட்டில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று கணுக்கா நினைத்தாள்.

சாயங்காலம் அவன் வீட்டில் இல்லை. மறுநாளும் வரவில்லை. அவனுடைய இரண்டு சட்டையும் கொடியில் அப்படியே தொங்கின. மாத்திரை அட்டை அலமாரியில் இருந்தது. அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மாத்திரையைக்கூட எடுக்காமல் போயிருக்கிறான்.

வேலை விட்டதும் தேடக் கிளம்பினாள். பழைய பட்டறைக்குப் போனாள். பேருந்து நிலையத்தில் சிமெண்டு பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தாள். மதுக்கடைகள் இருந்த சந்துக்குள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நுழைந்து, அவன் உயரத்தையும் இடது புருவத்துத் தழும்பையும் சொல்லி விசாரித்தாள். ஒருவன், "நாங்கல்லாம் தம்பி இல்லியா?" என்று இளித்தான். அவனுக்குப் பதில் சொல்லக்கூட அவளிடம் தெம்பு இல்லை. மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாதவர்களைப் போட்டிருக்கும் வார்டில் ஒவ்வொரு கட்டிலாக முகம் பார்த்துக்கொண்டே நடந்தாள். கடைசிக் கட்டிலில் போர்வை முகத்தையும் மூடியிருந்தது. நர்ஸ் வந்து போர்வையை விலக்கிக் காட்டினாள். வேறு யாரோ. "நல்லவேளை" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அந்த ஆளுக்கும் ஓர் அக்கா இருக்கலாம் என்று தோன்றியது.

காவல் நிலையத்தில் தம்பியின் வயதைக் கேட்டார்கள். முப்பத்தெட்டு என்றாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பெரிய ஆள்தானேம்மா, தானாக வருவான் என்றார். குடிப்பானா என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாததை இங்கே வந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலைக்கும் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. நான்காம் நாள் முதலாளியம்மா பட்டுப்போன தொட்டிகளைக் கொட்டிவிடச் சொன்னார். எது தேறும், எது தேறாது என்று பிரிக்கக் கணுக்காவை விட்டால் ஆள் கிடையாது. சுவரோரப் பாத்தியில் ஆரம்பித்தாள். அங்கே ஒன்றுகூடத் தேறவில்லை. நானூறு தொட்டியையும் கவிழ்த்தாள். சில குச்சிகளின் அடியில் வெள்ளையாக வேர் விடத் தொடங்கியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாவது பாத்தியில் பாதிக்குப் பாதி. மூன்றாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தளிர் கோணியிருந்தது. நான்காவதும் ஐந்தாவதும், குழாயடிப் பக்கம் இருந்தவை, பச்சைப் பசேலென்று நின்றன.

ஐந்தாவது பாத்தியின் நடுவில் நிமிர்ந்தவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். குழாயடியைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள்.

மருந்து எங்கே முதலில் விழுந்ததோ அங்கேதான் அதிகம் கருகியிருக்கும்; போகப் போகத் தண்ணீர் கலந்து வீரியம் குறையும். தம்பி எப்போதும் குழாயடியில் தொடங்குவான். டேங்கை நிரப்பின இடத்திலேயே தெளிக்க ஆரம்பித்துவிடுவான், தோளில் சுமை குறைந்த பிறகு தூரத்துப் பாத்திக்குப் போவான். அது அவன் கணக்கு. சுவரோரத்தில் தொடங்கிக் குழாயடிக்கு வருவது ஒரே ஒரு ஆள்தான். நனைத்த தரையில் திரும்பி நடக்கப் பிடிக்காத ஆள்.

பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஆஸ்பத்திரிக்கு அவன் போயிருந்த செவ்வாய்க்கிழமை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, குச்சிகள் தலை சாயத் தொடங்கியிருந்தன. நீல டேங்கின் பம்பு அடைத்துக்கொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அவளேதான் சிவப்பு டேங்கின் மூடியைத் திருகி, பம்பும் தெளிக்கிற குழாயுமாகக் கழற்றி, நீல டேங்கில் மாட்டினாள். தெளித்தாள். முடிந்ததும் கழற்றி இருந்த இடத்தில் வைத்தாள். மாட்டியதும் கழற்றியதும் மொத்தம் ஐந்து நிமிஷ வேலை. நீல டேங்கில்தான் தெளித்தோம் என்பது மனதில் நின்றது. எந்தக் குழாயில் தெளித்தோம் என்பது நிற்கவில்லை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பி நடைபாதையில் அடித்த களை மருந்து அந்தக் குழாய் முழுக்க இருந்திருக்கிறது.

அவள் அப்படியே பாத்தி நடுவில் உட்கார்ந்தாள். ஈரத் தரையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "ஐயோ, நான் கேட்டேனே, நான் கேட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலாளியம்மாவிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றவளுக்கு அவர் சொன்னது அதைவிட மோசமாக இருந்தது.

"இத நீ வெளிய சொல்ல வேணாம். போனவன் போயிட்டான். இனிமே உன் கையும் கெட்டுப்போச்சுன்னு நாலு பேர் பேச ஆரம்பிச்சா பண்ணை என்னத்துக்கு ஆகும்?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததற்காகவே தன்னைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. வெளியே வந்தாள்.

டீ வேளையில் எல்லாரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கணுக்கா உட்காரவில்லை. அன்றைக்குத் தம்பி நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டு, குச்சிகளைக் கொன்றது தான்தான் என்று சொன்னாள். எப்படி என்றும் சொன்னாள். அவன் குடிக்கவில்லை, அவனைக் குடிகாரன் என்று சொன்ன வாய் தன்னுடையது என்றாள். குரல் உடையவில்லை, உடைந்திருந்தால் அவர்களுக்கும் சுலபமாக இருந்திருக்கும். எல்லாரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொட்டி கழுவுகிற ஒரு பெண் அங்கே உண்டு. அவள் காதில் விழுந்தது எதுவும் அன்று பொழுது சாய்வதற்குள் நாலு தெரு தாண்டிவிடும் என்பதால் ரேடியோ என்று பெயர். கணுக்கா நேராக அவளிடம் வந்தாள்.

"இத்தனை நாள் உன்னை வாயை மூடுடின்னு சொல்லியிருக்கேன். இன்னைக்கு மூடாதே. ஒருத்தர் விடாம சொல்லு. அவன் காதுல விழற வரைக்கும் சொல்லு."

ரேடியோ முதல்முறையாக ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினாள். ஆனால் வேலையைக் கச்சிதமாகச் செய்தாள். தெருக் குழாய், மாவு மில், தன் மகளின் பள்ளி வாசல், தையல் கடை என்று ஒரு இடம் பாக்கியில்லை. எட்டாம் நாள் காலையில் மூச்சு வாங்க ஓடிவந்தாள். அவளுடைய கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன். ஊருக்கு வெளியே சுங்கச்சாவடி தாண்டி லாரிகள் நிற்கிற மைதானத்தில், புருவத்தில் தழும்போடு ஒருவன் லாரி கழுவிக்கொண்டிருக்கிறானாம்.

கணுக்கா கையைக்கூடக் கழுவாமல் பேருந்து ஏறினாள். மத்தியான வெயிலில் மைதானம் டீசல் நாற்றம் அடித்தது. இரண்டு லாரிகளுக்கு நடுவில், டயர் நிழலில், தம்பி உட்கார்ந்திருந்தான். தாடி முளைத்திருந்தது. பக்கத்தில் போகவே தேவையில்லை. நாலு அடி தள்ளியே வாடை வந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை, பம்பு, குழாய், சுவரோரப் பாத்தி. அவன் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்க்கா," என்றான். "பம்பு அடைச்சிருக்குன்னு அன்னைக்கு சாயங்காலம் நீதானே சொன்னே. அப்புறம் எப்படி தண்ணி அடிச்சேன்னு நான் கேக்கல. இங்க வந்து ரெண்டாம் நாள் அது தோணுச்சு."

"அப்ப ஏண்டா வந்து சொல்லல?"

"முதல் நாளே குடிச்சிட்டேனே." அவன் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பழைய நாள்ல செஞ்சது பாதி எனக்கு நினைவே இருக்காது. இதுவும் அப்படித்தானோன்னு நினைச்சேன். உனக்கே தெரியுதுன்னா நான் செஞ்சிருப்பேன்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டே நேரா கடைக்குப் போயிட்டேன். அப்புறம் உண்மை தெரிஞ்சு என்ன பண்றது? குடிச்சவன் வந்து சொன்னா யார் கேப்பா?"

அவனைத் தொடக் கை நீட்டினாள். அவன் தட்டிவிடவில்லை, ஆனால் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வா என்று கெஞ்சினாள். முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்றாள். ஒன்பது மாதம், ஒன்பது மாதம் என்று அவன் இரண்டு தடவை சொன்னான். அடுத்த லாரிப் பக்கம் போனான். அவன் மூன்று லாரி கழுவி முடிக்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, கைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வழி முழுக்க அழுதாள். டிக்கெட் கொடுக்க வந்த நடத்துநர் அதை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். சில நாள் அவன் குடித்திருந்தான், சில நாள் இல்லை. எதையும் அவள் கேட்கவில்லை. கொண்டுபோன சாப்பாட்டை வைத்துவிட்டு எட்ட உட்காருவாள். ஒரு நாள் தூக்குவாளி காலியாக, கழுவித் துடைத்து இருந்தது. இன்னொரு நாள் திறக்கப்படாமலே இருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவனே, செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், கூட வருகிறாயா என்று கேட்டான். டாக்டர் திட்டவில்லை. பதிவேட்டில் குடியை நிறுத்திய பழைய தேதியை அடித்துவிட்டு அன்றைய தேதியை முதல் நாளாக எழுதினார். தம்பி அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பண்ணைக்கு அவன் திரும்ப வரவில்லை. முதலாளியம்மா ஆள் அனுப்பியும் பார்த்தார். கூப்பிட்டதற்கு நன்றி, எனக்கு லாரியே போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டான். மைதானத்துப் பட்டறையில் ஒரு மூலையில் கட்டில் போட்டுக்கொண்டான். பண்ணையிலும் முன்னே மாதிரி இல்லை. கணுக்கா தொட்டியருகே குனிந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டேங்கைத் தொடக்கூடாது என்று முதலாளியம்மா அவளுக்கு உத்தரவு போட்டார். அவளும் தொடவில்லை. தப்பித்த தொட்டிகளில் வேலிச்செடிகள் முழங்கால் உயரம் வந்து லாரி ஏறின. மிச்சத்துக்குத் தாய்ச்செடிகள் மறுபடி கிளைக்கும்வரை காத்திருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வீட்டுக்கு வந்தான். முகம் மழித்திருந்தான். கணுக்கா தட்டு வைத்தாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். இரண்டாவது தடவை பரிமாறும்போது தலை நிமிராமல் கேட்டான்.

"கொட்டகையில சொன்னியாமே. எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான்."

"ரேடியோவும் இருந்துச்சா?"

"அவகிட்ட தனியா வேற சொன்னேன்."

அவன் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்லமுடியாது. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். சாயங்காலப் பேருந்துக்கு நேரம் இருந்ததால் மேல்சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு தரையில் படுத்தான். கணுக்கா அருகில் போய் மூச்சை இழுத்துப் பார்க்கவில்லை; கதவோரம் உட்கார்ந்து அவன் விழிக்கும்வரை காத்திருந்தாள்.